தட்டினால் விடு, கை கொடு

காவல்துறையில் பணியிடைப் பயிற்சி என்று ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்து தொப்பை போட்ட பிறகும் ஆட்களைப் பிடித்து வந்து மாணவர்களைப் போல உட்கார வைப்பார்கள். போன மாதம் அங்கே பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு ‘என் அனுபவங்கள்’. கொடுத்த நேரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. யார் பேசினாலும் எல்லோரும் தூங்கப்போகிற நேரத்தை ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டருக்கு ஒதுக்குவது நியாயம்தான். சாம்பாரும் கூட்டும் உள்ளே போன பிறகு சட்டப்பிரிவு எவனுக்கு ஏறும்?

ஏ.சி. அறை, சுவரில் திரை, மேசையில் பிஸ்கட் தட்டு. முன்வரிசைப் பையன் ஒருவன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, “உங்க காலத்துல டிரெயினிங்லாம் எப்படி சார் இருக்கும்?” என்று கேட்டான். மரியாதைக்குக் கேட்ட கேள்வி அது. நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். தகரக் கொட்டகை போட்டு மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அந்த இடத்தில்தான் எங்கள் மணல் திடல் இருந்தது. அதைக் காட்டிப் பேச ஆரம்பித்தேன். யாரும் தூங்கவில்லை. அன்று அங்கே சொன்னதையும், அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் போலீசில் சேர்ந்தபோது பயிற்சி என்றால் லெப்ட் ரைட், லத்தி சுழற்றல், துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவது. அதோடு சிவப்புத் தொப்பியைத் தலையில் வைத்து ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுவார்கள். மிச்சமெல்லாம் மேலே இருப்பவர் திட்டித் திட்டிக் கற்றுக்கொள்வதுதான். ஒருவனைக் கைது செய்வது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சட்டைக் காலரைப் பிடி, கன்னத்தில் ஒன்று வை, தரதரவென்று இழு. எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், நானும் செய்தேன்.

இப்படிச் சில வருடங்கள் ஓடின. நான் ஏட்டு ஆன பிறகு என்னை உடற்பயிற்சி ஆசிரியராகத் திடலுக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்கு மேலே வந்தவர் இன்ஸ்பெக்டர் சவரிநாதன். அவர் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அப்படிப்பட்டவர்களை, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். அதனால் இவருக்கும் முதுகுக்குப் பின்னால் சொல்தா என்றுதான் பேர். ஆள் ஒல்லி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அதுதான் எங்களுக்குப் பயம்.

வந்த முதல் நாள் எல்லோரையும் மணலில் உட்கார வைத்தார். “இந்த டிபார்ட்மெண்ட்ல அடிக்கத் தெரிஞ்சவன் நெறைய பேரு இருக்கான். புடிக்கத் தெரிஞ்சவன் யாரு, கையத் தூக்கு பார்ப்போம்” என்றார். யாரும் தூக்கவில்லை. தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு மணலில் இறங்கி நின்றார். “வா ஏட்டு. மொதல்ல என்னப் புடி.”

அதுதான் அவர் வழக்கம். எதைச் சொல்லிக் கொடுத்தாலும் முதலில் தன் உடம்பில் செய்து பார்க்கச் சொல்வார். பிடிக்கிற போலீஸ்காரன், பிடிபட்டவனின் வலி எங்கே வரும் என்று தன் உடம்பால் தெரிந்துகொள்ளாமல் எவனையும் தொடக்கூடாது என்பார். இன்ஸ்பெக்டரைக் குப்புறத் தள்ளி முட்டியால் அழுத்துவதற்கு எங்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சம் போகவே பல வாரம் ஆனது.

அந்தப் பிடியை இப்போது சொன்னாலும் என் கை தானாக அசைகிறது. எதிராளிக்குப் பக்கவாட்டில் போக வேண்டும். மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரல் வெளியே திரும்புகிற மாதிரி முறுக்க வேண்டும். மறு கை அவன் முழங்கைக்கு மேலே. அப்படியே அழுத்தினால் ஆள் தானாகக் குப்புற இறங்குவான். கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, நம் முட்டியைத் தோள்பட்டை எலும்பில் வைக்க வேண்டும். முட்டி கழுத்துப் பக்கம் விரல் அளவு நகர்ந்தாலும் சவரிநாதன் வந்து நிற்பார். “தூஸ்மான், தூஸ்மான்” என்பார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தமாம். கீழே கிடப்பவனின் முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறதா, மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்ப்பார்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான சட்டம். கீழே கிடப்பவனுக்கு வலி பொறுக்கவில்லை என்றால், மூச்சு முட்டினால், சும்மா இருக்கும் கையால் தரையை இரண்டு தட்டு தட்டுவான். தட்டின அந்த நொடியே விட்டுவிட வேண்டும். ஏன், எதற்கு என்று யோசிக்கக் கூடாது. விட்டு, ஒரு எட்டு பின்னால் வந்து, வலது கையை நீட்டி அவனைத் தூக்கிவிட வேண்டும். “வுழ வச்சவன்தான் தூக்கி வுடணும்” என்பார் சவரிநாதன். அதன் பிறகு இரண்டு பேரும் மணலைத் தட்டிவிட்டு இடம் மாறிக்கொள்வார்கள். விடுவதற்குத் தாமதித்தவன் திடலைச் சுற்றி ஓட வேண்டும். கத்தி பிடித்தவனைப் பிடிக்கவும் பழக்கினோம். கத்திக்குப் பதில் ஒரு மரக்கட்டை. பிடித்த பிடியில் கட்டை கீழே விழும். விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடக்கும், அடுத்த ஜோடிக்கு வேண்டுமே.

சின்ன ஊர், சின்ன டிபார்ட்மெண்ட். ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு. மந்திரி வந்தால் பயிற்சி ரத்து, மாசி மகம் வந்தால் ரத்து. கோழி அடைகாக்கும் இடத்தில் நாய் குரைத்தது போல ஏதாவது ஒன்று வந்து கலைத்துவிடும். இருந்தும் சவரிநாதன் விடவில்லை. பந்தோபஸ்து முடித்துக் களைத்து வந்தவனைக்கூட டீ வாங்கிக் கொடுத்து மணலில் இறக்குவார். ஒரு கட்டத்தில் பையன்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. டீக்கடையில் ஒருவன் விளையாட்டாக மேசையை இரண்டு தட்டு தட்டினால், பக்கத்தில் இருப்பவன் கையில் இருக்கும் கிளாசை வைத்துவிடுவான். அதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். பெருமையாகவும் இருந்தது. 

அந்தப் பையன்களில் ஒருவன் கலியமூர்த்தி. நெல்லித்தோப்பில் வீடு. அவன் அப்பா மில் தொழிலாளி. மில்லை மூடிய பிறகு அந்த வீட்டில் நிரந்தரச் சம்பளம் என்று வந்தது இவன் போலீஸ் சம்பளம் மட்டும்தான். அதிகம் பேசமாட்டான். திடலில் அவன்தான் முதல் ஆள். தட்டினால் விடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. சவரிநாதன் மற்றவர்களிடம், “கலியமூர்த்தி கையப் பாருங்க, அதுக்குக் காது இருக்கு” என்பார்.

அவனுக்கு அப்போது பெரிய மார்க்கெட்டில் பீட், ரோந்து வேலை. காலை நேரம், மீன், காய், பூ என்று எல்லாப் பக்கமும் ஆள் மேல் ஆள் நெரியும். பூக்கடை வரிசையில் அஞ்சலை என்று ஒரு பெண் பூ கட்டி விற்றுக்கொண்டிருந்தார். சின்ன வயது. புருஷன் குமார், குடித்துவிட்டு வந்து அடிப்பவன். முன்பே அஞ்சலை ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்திருந்தார், ‘இனி ஒழுங்காக இருக்கிறேன்’ என்று அவனும் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அன்று காலை, மீன் அரிகிற கடையிலிருந்து ஒரு கத்தியைத் தூக்கிக்கொண்டு பூக்கடைக்கு வந்துவிட்டான்.

கலியமூர்த்தி ஓடி வந்து அவனைப் பிடித்தான். பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், அவ்வளவு கூட்டத்தில் ஒருத்தர் மேலும் படாமல் பிடித்தான் என்று. மணிக்கட்டு முறுகியது, கத்தி விழுந்தது, குமார் ஈரக் கல்தரையில் குப்புற விழுந்தான். முட்டி தோள்பட்டையில். எல்லாம் சொல்லிக் கொடுத்தபடியே.

அப்போது குமார் தரையை இரண்டு தட்டு தட்டினான்.

அவன் ஏன் தட்டினான் என்று கேட்டால், வலிக்கிறவன் தரையைத் தட்டத்தானே செய்வான்? அவனுக்கு எங்கள் மணல் திடலும் தெரியாது, சட்டமும் தெரியாது. ஆனால் கலியமூர்த்தியின் கை விட்டுவிட்டது. ஒரு எட்டு பின்னால் போனான். வலது கையை நீட்டினான். குமார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். எழுந்தவன் காலடியில் கிடந்த கத்தியை எடுத்து அஞ்சலையின் மேல் பாய்ந்தான். அவர் முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினார். கத்தி உள்ளங்கையில் இறங்கியது.

அடுத்த வெட்டு விழுவதற்குள் கலியமூர்த்தி மறுபடியும் அவனைப் பிடித்துவிட்டான். இந்த முறை விடவில்லை. ஸ்டேஷனிலிருந்து ஆட்கள் வந்து இவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் குமாரை வெளியே எடுத்தார்கள். அஞ்சலை உயிர் பிழைத்தார். கை பிழைக்கவில்லை. நரம்பு அறுந்துவிட்டது என்றார்கள். மூன்று விரல்கள் மடங்காமல் போயின. பூ கட்டுகிற கை.

மார்க்கெட் முழுவதும் ஒரே பேச்சு. போலீஸ்காரனே கை கொடுத்துத் தூக்கிவிட்டான். கண்ணால் பார்த்தவர்கள் அத்தனை பேர். குமாரும் நெல்லித்தோப்பு, கலியமூர்த்தியும் நெல்லித்தோப்பு. இரண்டு பேருடைய அப்பாவும் ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? கூட்டாளி, காசு வாங்கியிருப்பான், பொண்டாட்டியை வெட்டச் சொல்லி வழிவிட்டான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

கலியமூர்த்தியை சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். வெளியூர்க்காரர், நியாயமான மனிதர் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவர் எப்படிக் கேட்டாலும் கலியமூர்த்தியிடம் ஒரே பதில்தான்.

“தெரிஞ்சவன்னு வுட்டியா?”

“தட்டுனான் சார்.”

“தட்டுனா?”

“வுட்டேன் சார்.”

“சரி, கை எதுக்குக் குடுத்த?”

 கலியமூர்த்தி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். வேலை போய்விடும் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வேலை மட்டுமா, கிரிமினல் கேஸும் வந்திருக்கும்.

அவனை வெளியே அனுப்பிய பிறகு, கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த நானும் சவரிநாதனும் உள்ளே போனோம். பயிற்சி கொடுத்தவர்கள் என்ற முறையில் என்னையும் சவரிநாதனையும் வரச் சொல்லியிருந்தார்கள். மனதில் இருந்ததை அப்படியே சொன்னேன். “சார், அவன் வேணும்னு செய்யல. நாங்க பழக்குனது அது. நம்பலன்னா வராந்தாவுல நிக்கிற எவனையாவது கூப்பிடுங்க. எதுக்குன்னு சொல்லாதீங்க. ஒருத்தரைப் புடிக்கச் சொல்லுங்க, போதும்.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. கலியமூர்த்தி மேல் தப்பு இல்லை என்றால், தப்பு எங்கே இருக்கிறது? பக்கத்தில் நின்ற சவரிநாதனைப் பார்த்தேன். அவருக்கு என்னைவிட முன்பே புரிந்துவிட்டது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தொப்பியைக் கழற்றி மேசை ஓரத்தில் வைத்தார்.

“என்னைப் புடிக்கச் சொல்லுங்க சார்” என்றார்.

வராந்தாவில் தபாலோடு நின்றுகொண்டிருந்த அந்தோணி என்ற கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்கள். அவனும் எங்கள் திடலில் பழகியவன்தான், எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாது. இன்ஸ்பெக்டரைப் பிடி என்றதும், இது என்னடா சோதனை என்று தயங்கினான். பிறகு பிடித்தான். சவரிநாதன் அந்தச் சிமெண்டுத் தரையில் குப்புற விழுந்தார். அவர் கன்னம் தரையில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். அவர் தட்டாமலே இருந்துவிடலாம். அல்லது தட்டும் முன் ஒரு வார்த்தை சொல்லி அந்தோணியை உஷார்ப்படுத்தலாம். எதுவும் செய்யவில்லை. இரண்டு தட்டு தட்டினார்.

அந்தோணி விட்டான். ஒரு எட்டு பின்னால் வந்தான். கையை நீட்டினான். சவரிநாதன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அதிகாரி இன்னொருவனைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவனும் அப்படியே.  பிறகு, “இது உங்க டிரெயினிங்தானா?” என்றார்.

“ஆமா சார். நான் சொல்லிக் குடுத்ததுதான்” என்றார் சவரிநாதன். கன்னத்தில் ஒட்டியிருந்த தூசியைக்கூடத் துடைக்கவில்லை.

கலியமூர்த்திக்கு வேலை தங்கியது. இன்கிரிமெண்டை வெட்டியதோடு விட்டார்கள். சவரிநாதனை ஏனாமுக்கு மாற்றினார்கள். எங்கள் அரசாங்கத்தில் ஏனாம் என்றால் என்ன என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிர்வாகம் எங்களுடையது, ஊர் இருப்பது ஆந்திராவுக்குள், பேச்சு மொழி தெலுங்கு, போனால் பொங்கலுக்கு வீட்டுக்கு வருவதே பெரிய காரியம். மணல் திடல் பயிற்சியை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். இனிமேல் எல்லாம் வகுப்பறையில் என்று ஆயிற்று.

அவரை வழியனுப்பப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் பெட்டியைத் தூக்கி வைப்பதும் இறக்குவதுமாக இருந்தேன்.

“நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது சார்.”

“தொறக்கலன்னா அந்தப் பையன் நடுத்தெருவுல நின்னிருப்பான். அதப் பாத்துட்டு நான் மட்டும் இங்க உக்காந்திருக்கவா?” என்றார். பிறகு மெதுவாக, “ஒரு படி வுட்டுட்டோம்யா. வலிச்சா இறுக்கத்த வுடுன்னு சொன்னோம், சரி. புடிய வுடாதன்னு சொல்லல. கத்திய மொதல்ல கால்ல தள்ளுன்னு சொல்லல. எழுந்திரிச்சதும் வெளையாட்டு முடிஞ்சுது நமக்கு. மார்க்கெட்ல முடியாது. ஒரு வாரம் போதும் இதச் சரி பண்ண. அடுத்த பேட்ச்சுல சேத்துடு.”

“சரிங்க சார்” என்றேன். அடுத்த பேட்ச் வரவே இல்லை. வலிக்கிறது என்றால் விடு என்று ஒரு போலீஸ்காரனின் கைக்குப் பழக்கியிருந்தோம். எவ்வளவு பெரிய காரியம் அது. ஒரு படி விட்டுப்போனதற்காக ஏணியையே விறகாக்கிவிட்டார்கள். நான் மனு கொடுத்துப் பார்த்தேன், சொல்லிப் பார்த்தேன். “உன் வித்தையப் பாத்தாச்சே ஏட்டு, போதும்ப்பா” என்று ஓர் அதிகாரி சிரித்தார். காலர் பிடியும் கன்னத்தில் அறையும் திரும்பி வந்தன. அவற்றுக்குப் பயிற்சி தேவையில்லை. சவரிநாதன் ஏனாமிலேயே ஓய்வு பெற்று, தங்கை குடும்பத்தோடு இருக்க பிரான்சுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

கலியமூர்த்தி கஜானா வாசலில் காவல் நிற்கிற டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். மார்க்கெட் பக்கமே போகமாட்டான். அந்த வழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போவான். அதைவிட ஒன்று, அவன் அதற்குப் பிறகு யாருக்கும் கை கொடுக்கவில்லை. நாம் கையை நீட்டினால் கும்பிடுவான். பலருக்குக் காரணம் தெரியாது, பழைய பழக்கக்காரன் என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் ஓய்வு பெற்ற அன்று மேலதிகாரி சால்வை போட்டுவிட்டுப் போட்டோவுக்காகக் கையை நீட்டினார். இவன் கும்பிட்டான். அந்தப் போட்டோவில் அதிகாரியின் கை அந்தரத்தில் நிற்கிறது.

என்னிடம் அவன் இதைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு தடவை. “ஏட்டையா, அவன் தட்டுனான். மூச்சு முட்டித்தான் தட்டுனான், அது எனக்குத் தெரிஞ்சுது. வுட்டது தப்பா?” என்றான். நான் அன்றைக்கு சப்-இன்ஸ்பெக்டர் ஆகியிருந்தேன். அவனுக்கு நான் கடைசி வரை ஏட்டையாதான். “வுட்டது தப்பில்லடா” என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். போன ஆடி மாதம் மாரடைப்பில் இறந்துபோனான்.

பயிற்சி வகுப்பில் இதுவரைக்கும்தான் சொன்னேன். சிலர் குறிப்பெடுத்தார்கள். பின்வரிசையில் நஸ்ரின் என்ற பெண் கான்ஸ்டபிள் எழுந்தாள். டவுனில் பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது.

“ஒரு சந்தேகம் சார். கலியமூர்த்தி சார் மேல தப்பில்லன்னு விசாரணையில தெரிஞ்சுது இல்ல, அத அந்தப் பூக்கார அம்மாகிட்ட யாரு சார் சொன்னது?”

  விசாரணை நடந்தபோது புகார்தாரரைப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. முடிந்த பிறகு அது டிபார்ட்மெண்ட் விஷயம். குமாருக்குத் தண்டனை கிடைத்தது, அதோடு அந்தம்மாவுக்கும் எங்களுக்கும் கணக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் இருந்தோம். அந்த மார்க்கெட்டில் நானே எத்தனை தடவை காய் வாங்கியிருப்பேன்.

“யாரும் சொல்லலம்மா” என்றேன்.

அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சால்வை போட்டு, டீ கொடுத்து அனுப்பினார்கள். உழவர்கரையில் என் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மறுநாள் காலையில் மார்க்கெட்டுக்கு பஸ் ஏறினேன்.

அஞ்சலையைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. ‘உதிரிப்பூ அஞ்சலை’ என்றால் எல்லோருக்கும் தெரிகிறது. பூக்கடை வரிசையில் மற்றவர்கள் மல்லியும் முல்லையும் கட்டிப் பந்து பந்தாக வைத்திருக்க, இவர் கூடையில் மட்டும் அரளி, சாமந்தி, ரோஜா, எல்லாம் உதிரி. தலை நரைத்துவிட்டது. வலது கை விரல்கள் மூன்றும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. தராசை இடது கையால் பிடித்தார்.

நான் யார் என்று சொன்னேன். முகம் மாறியது.

“இன்னாத்துக்கு இப்ப?”

“கலியமூர்த்தியப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும்மா.”

“யாரு, எம் புருஷனுக்குக் கை குடுத்துத் தூக்கி வுட்டானே, அந்தப் போலீசா?” என்றார். இத்தனை வருடத்தில் அந்தக் குரலில் சூடு ஆறவே இல்லை.

பக்கத்துக் கடைக்காரர் ஒரு ஸ்டூல் கொடுத்தார். உட்கார்ந்து, மணல் திடலிலிருந்து ஆரம்பித்தேன். எப்படிப் பிடிப்போம், ஏன் தட்டுவோம், விட்ட பிறகு ஏன் கை கொடுப்போம் என்று ஒவ்வொன்றாக. நடுநடுவே ஆட்கள் வந்து பூ கேட்டார்கள், அவர் நிறுத்துப் போட்டார், நான் காத்திருந்து தொடர்ந்தேன். விசாரணை அறையில் சவரிநாதன் விழுந்து காட்டியதையும் சொன்னேன்.

அஞ்சலை தராசைக் கீழே வைத்தார். “கை குடுக்கக்கூடவா சொல்லித் தருவாங்க போலீசுல?” என்றார்.

“அப்பத் தந்தோம்மா.”

“கூட்டாளின்னு சொன்னாங்களே எல்லாரும்.”

“இல்லம்மா. குமாரோட அவன் ஒரு வார்த்த பேசுனது இல்ல.”

கூடையில் இருந்த பூவை ஒரு தடவை கிளறிவிட்டார். “குமார நான் சபிக்கல சார். அவன் இன்னா ஆளுன்னு எனக்குத் தெரியும், அவன்கிட்ட வேற இன்னா வரும். இந்தாளத்தான் சபிச்சேன். காப்பாத்த வந்தவன் மாதிரி வந்து வுட்டுட்டானேன்னு. கோயில் வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்திக்கீறேன் சார். ஒரு தடவ இல்ல. கை வலிக்கிறப்பல்லாம்.”

 ஓர் உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லி ஒரு வேலையைக் காப்பாற்றினோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சொல்ல வேண்டிய இடம் இதுவாக இருந்திருக்கிறது.

“அவரே ஒரு தடவ வந்து சொல்லியிருக்கலாமே” என்றார் அஞ்சலை. “திட்டியிருப்பேன். அப்புறம் கேட்டிருப்பேன். இப்ப எங்க கீறாரு?”

சொன்னேன்.

அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு ஆள் வந்து ரோஜா என்ன விலை என்றான், அவருக்குக் காதில் விழவில்லை. அவன் அடுத்த கடைக்குப் போய்விட்டான். பிறகு ஒரு பையை எடுத்து, இடது கையால் சாமந்தியை அள்ளி அள்ளிப் போட ஆரம்பித்தார். தராசில் வைக்கவில்லை. பை நிறைந்த பிறகும் இன்னும் இரண்டு கை போட்டு அழுத்தினார்.

“நெல்லித்தோப்புலதானே வூடு? அவரு படத்துக்குப் போடச் சொல்லுங்க” என்றார். “மாலையா கட்டித் தர முடியாது சார். உதிரியாத்தான் இருக்கும்.”

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.